கட்டுப் போட முடியாத காயம்



விளையாட்டுத் துறையில் வெற்றி வாகை சூடியவர்களின் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர்கள் பெற்ற பதக்கங்களும் ஏந்திய கிண்ணங்களும் நம் பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகின்றன. அது நன்றே. ஆனால் திறமை இருந்தும், உழைப்பு இருந்தும், பாதி வழியிலேயே திடலை விட்டு வெளியேற நேர்ந்தவர்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. இன்றைய உரையில் அத்தகைய ஒருவரைப் பற்றிச் சிந்திப்போம். அவர் பெயர் செபாஸ்டியான் டைஸ்லர். ஜெர்மனி நாட்டின் காற்பந்து ஆட்டக்காரர். 20 வயதில் நாட்டின் நம்பிக்கை என்று போற்றப்பட்டவர். 27 வயதில் ஆட்டத்திலிருந்து முற்றாக விலகியவர்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, லோராக் என்னும் ஊர் உள்ளது. 1980ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் டைஸ்லர் அவ்வூரில் பிறந்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். பந்து அவருடைய காலுக்கு அடங்கி நடப்பதைச் சிறு வயதிலேயே மற்றவர்கள் கண்டுகொண்டனர். 15 வயதில் அவர் வீட்டைப் பிரிந்து, நாட்டின் மறுகோடியில், டச்சு எல்லைக்கு அருகே உள்ள முன்சென்கிளாட்பாக் நகருக்குச் சென்றார். அங்குள்ள பொருசியா குழுவின் இளையர் பயிற்சியில் சேர்ந்தார். 1970ஆம் ஆண்டுக்கும் 1977ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐந்து முறை ஜெர்மன் லீக் வெற்றியாளராக விளங்கிய புகழ் பெற்ற குழு அது.

பதினைந்து வயதுப் பிள்ளை பெற்றோரைப் பிரிந்து, தொழில்முறை விளையாட்டு என்னும் பெரிய உலகில் தனியே கால் வைப்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தை எப்படி உதைப்பது என்று கற்றுக்கொடுக்க அங்கே பயிற்றுநர்கள் இருந்தார்கள். புகழையும் தனிமையையும் எப்படித் தாங்குவது என்று கற்றுக்கொடுப்பது அக்காலத்தில் எந்தக் குழுவின் பாடத்திட்டத்திலும் பெரிய இடம் பெறவில்லை.

1998ஆம் ஆண்டில் டைஸ்லர் ஜெர்மனியின் முதல் நிலை லீக்கான புண்டஸ்லீகாவில் ஆடத் தொடங்கினார். மத்தியத் திடலின் வலப்புறம் அவருக்கு மிகவும் உகந்த இடம். எதிரிகளைக் கடந்து பந்தைக் கொண்டு செல்லும் விரைவும், ஓரத்திலிருந்து கோல் முனைக்குத் துல்லியமாகப் பந்தை அனுப்பும் திறனும், நின்ற பந்தை வளைத்து உதைக்கும் நுட்பமும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. ஆயினும் அவருடைய குழுவுக்கு அந்தப் பருவம் நல்லதாக அமையவில்லை. 1999ஆம் ஆண்டில் பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்று, 1965ஆம் ஆண்டு முதல் தான் நீங்காதிருந்த முதல் நிலை லீக்கிலிருந்து அது இறங்கியது. அதே குழுவில் அப்போது கோல் காவலராக நின்றவர் ராபர்ட் எங்கே என்னும் மற்றோர் இளைஞர். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். உரையின் பிற்பகுதியில் அவரை மீண்டும் சந்திப்போம்.

டைஸ்லர் 1999ஆம் ஆண்டில் தலைநகரின் ஹெர்த்தா பெர்லின் குழுவுக்கு மாறினார். அவர் ஏன் அவ்வளவு விரைவில் நாடறிந்த பெயரானார்? அதற்கு ஜெர்மன் காற்பந்தின் அன்றைய நிலைமையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1954, 1974, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்ற நாடு அது. ஆனால் 1998ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கால் இறுதியில் குரோஷியாவிடம் 3-0 என்று தோற்றது. அடுத்து 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ருமேனியாவுடன் சமநிலை கண்டு, இங்கிலாந்திடமும் போர்த்துகலிடமும் தோற்று, மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோலுடன் வீடு திரும்பியது. அந்தத் தேசியக் குழுவில் 39 வயது லோத்தார் மத்தேயுசும் இருந்தார்; 20 வயது டைஸ்லரும் இருந்தார். மூத்தவர்கள் களைத்துவிட்டார்கள்; அவர்களுடைய இடத்தை நிரப்ப இளையவர்கள் போதிய அளவில் உருவாகவில்லை. நாடே எதிர்காலத்தைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் டைஸ்லர். எனவே ஒரு நாட்டின் விருப்பம் முழுவதும் அவர் தோள்மீது ஏற்றப்பட்டது.

செய்தித்தாள்கள் அவருக்குச் செல்லப் பெயர் சூட்டின. அவர் எங்குச் சென்றாலும் படக்கருவிகள் பின்தொடர்ந்தன. 2001ஆம் ஆண்டில், அடுத்த ஆண்டு அவர் சேரவிருந்த பாயர்ன் மியூனிக் குழுவிடமிருந்து 20 மில்லியன் மார்க் அவருக்குக் கிடைத்த செய்தி நாளிதழில் வெளியாயிற்று. நேற்றுவரை அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்த பெர்லின் ரசிகர்களில் பலர் அவரைப் பணத்துக்கு விலைபோனவர் என்று தூற்றினர். அவருக்கு அப்போது வயது 21. அதே காலத்தில் அவருடைய முழங்காலும் தொல்லை தரத் தொடங்கியிருந்தது. காலில் காயம், காதில் ஏச்சு என்ற நிலையில் அந்தப் பருவம் கழிந்தது.

ஆயினும் அவர் தேறி வந்தார். 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி ஜப்பானிலும் தென் கொரியாவிலும் நடைபெறவிருந்தது. மே 18ஆம் நாள் லெவர்குசன் நகரில் ஆஸ்திரியாவுடன் நட்புமுறை ஆட்டம். ஜெர்மனி 6-2 என்று எளிதில் வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் டைஸ்லரின் முழங்கால் மீண்டும் காயமுற்றது. ஜெர்மனியின் முதல் உலகக் கிண்ண ஆட்டத்துக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. அவர் இல்லாமலே குழு விமானம் ஏறியது.

அந்தக் குழுவோ, எவரும் எதிர்பாராத வகையில் இறுதி ஆட்டம் வரை முன்னேறியது. ஜூன் 30ஆம் நாள், நம் நேரப்படி மாலை 7 மணிக்கு யோகஹாமா நகரில் நடந்த அந்த ஆட்டத்தில் பிரேசில் 2-0 என்று வென்றதை நேயர்கள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். மத்தியத் திடலின் தூணாக விளங்கிய மிஷாயேல் பலாக் அட்டை பெற்றதால் ஆட முடியவில்லை. டைஸ்லரோ காயத்தோடு போராடிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, முழங்கால் காயம் ஏன் இவ்வளவு கொடியதாக இருக்கிறது என்பதை இங்குச் சற்று விளக்கமாகக் காண்போம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். கதவின் கீல் போல் அது மடங்கி நிமிர்கிறது. இரண்டு எலும்புகளையும் நான்கு முக்கியத் தசைநார்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. அவற்றுள் இரண்டு மூட்டின் இரு பக்கங்களிலும், மற்ற இரண்டு மூட்டின் உள்ளே ஒன்றுக்கொன்று குறுக்காகவும் அமைந்துள்ளன. எலும்புகள் உராயாமல் இருக்க, அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அவற்றுக்கு இடையே பிறை வடிவில் இரண்டு மெத்தைகளும் உண்டு.

காற்பந்து ஆட்டக்காரர் விரைந்து ஓடிக்கொண்டே சட்டென நின்று திசை மாறுகிறார். ஆணிக் காலணி புல் தரையைப் பற்றிக்கொள்ள, உடல் மட்டும் ஒரு பக்கம் திரும்புகிறது. அந்த முறுக்கு முழுவதையும் முழங்காலே தாங்குகிறது. குறுக்குத் தசைநார் அறுந்தால், உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாரை அங்குப் பொருத்தி மருத்துவர்கள் அறுவை செய்கிறார்கள். மீண்டும் ஆடுவதற்கு ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். குருத்தெலும்பின் நிலை இன்னும் கடினம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. தோலில் ஏற்பட்ட வெட்டு ஆறுவதுபோல் அது தானே ஆறுவதில்லை. ஒருமுறை கெட்ட மூட்டின்மீது மறுபடியும் மறுபடியும் பளு விழுந்தால், சேதம் பெருகிக்கொண்டே போகும். டைஸ்லரின் வலது முழங்கால் பலமுறை அறுவைக்கு உள்ளானது.

இனி, எந்தக் கருவியாலும் படம் எடுக்க முடியாத காயத்துக்கு வருவோம்.

2002ஆம் ஆண்டின் நடுவில் பாயர்ன் மியூனிக் குழுவில் டைஸ்லர் சேர்ந்தபோது, அவரால் ஆட முடியவில்லை. புதிய ஊர், புதிய குழு. மற்றவர்கள் ஆடும்போது தனியே ஓர் அறையில் காலைப் பழக்கும் பயிற்சி. 2003ஆம் ஆண்டில் அவர் திடலுக்குத் திரும்பினார். ஆனால் அவ்வாண்டு நவம்பரில் நாட்டையே வியப்பில் ஆழ்த்திய செய்தி வெளிவந்தது. மனச்சோர்வு நோய்க்காக அவர் மியூனிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவக் கழகத்தில் சிகிச்சை பெறுகிறார் என்பதே அச்செய்தி.

மனச்சோர்வு என்பது என்ன? ஆட்டத்தில் தோற்றவர் இரண்டு நாள் வருந்தியிருப்பது இயல்பான துயரம், அது நோயன்று. மனச்சோர்வு நோய் கண்டவருக்கோ வாரக் கணக்கில் எதிலும் நாட்டம் இருப்பதில்லை. உறக்கம் கெடுகிறது, உடல் அசதி நீங்குவதில்லை, முன்பு மகிழ்ச்சி தந்தவை எல்லாம் பொருளற்றவையாகத் தோன்றுகின்றன. தம்மால் பிறருக்குப் பயனில்லை என்ற எண்ணம் வாட்டுகிறது. பரம்பரை, உடலின் வேதியியல், வாழ்க்கைச் சூழல் எனக் காரணங்கள் பல ஒன்றுசேர்ந்து இந்நோயை உண்டாக்குகின்றன. முழங்கால் காயம்தான் டைஸ்லரை நோயாளி ஆக்கியது என்று நாம் ஒரே வரியில் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் நீண்ட நாள் காயமுற்றிருக்கும் விளையாட்டாளர் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்பதை இன்றைய விளையாட்டு மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது. அவர் தொழிலை மட்டுமா இழக்கிறார்? நாளின் ஒழுங்கையும் தோழர்களையும் 'நான் யார்' என்ற விடையையும் சேர்த்தே இழக்கிறார்.

உடல் வலிமைக்கு எடுத்துக்காட்டாக விளங்க வேண்டிய ஒரு விளையாட்டாளர் மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறார் என்று வெளிப்படையாக அறிவிப்பது அந்நாளில் அரிய செயல். இரக்கம் காட்டியவர்கள் இருந்தார்கள். கோடிக் கணக்கில் பொருள் ஈட்டும் இளைஞருக்கு என்ன குறை என்று வியந்தவர்களும் இருந்தார்கள். கால் முறிந்தவரை நோக்கி, உமக்குத்தான் பணம் இருக்கிறதே, எழுந்து நடவும் என்று எவரேனும் சொல்வதுண்டா? மனம் முறிந்தவரிடம் மட்டும் அப்படிச் சொல்ல நாம் தயங்குவதில்லை.

டைஸ்லர் சிகிச்சை பெற்று 2004ஆம் ஆண்டில் மீண்டும் ஆடினார். அவ்வாண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் அவர் இடம்பெறவில்லை. அக்டோபரில் நோய் மீண்டும் தலைதூக்க, மறுபடியும் சிகிச்சைக்குச் சென்றார். அதிலிருந்தும் எழுந்தார். 2005ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த கூட்டமைப்புக் கிண்ணப் போட்டியில் தேசியக் குழுவுக்காக ஆடினார். அடுத்த ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி அவருடைய சொந்த நாட்டிலேயே நடைபெறவிருந்தது. தொடக்க ஆட்டமோ அவருடைய பாயர்ன் குழுவின் அரங்கிலேயே நடக்கவிருந்தது. விட்டதைப் பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஒருவருக்கு அமையுமா?

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம், பயிற்சியின்போது தம் குழுத் தோழர் ஒருவருடன் மோதி அவர் விழுந்தார். மீண்டும் அதே வலது முழங்கால். ஜூன் 9ஆம் நாள் மியூனிக் அரங்கில் ஜெர்மனி கோஸ்டா ரிக்காவை 4-2 என்று வென்று உலகக் கிண்ணத்தைத் தொடங்கிவைத்தபோது, டைஸ்லர் திடலில் இல்லை.

அவ்வாண்டின் இறுதியில் அவர் மீண்டும் சில ஆட்டங்கள் ஆடினார். ஆனால் 2007ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், செய்தியாளர்களை அழைத்துத் தாம் ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். தம் முழங்கால்மீது தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதே அவர் சொன்ன காரணம். அவருக்கு 27 வயது நிறைந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. பொதுவாக ஒரு காற்பந்து ஆட்டக்காரரின் திறமை முழுமையாக மலரும் வயது அது.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். பாயர்ன் குழுவில் அவர் இருந்த நான்கரைப் பருவங்களில் அக்குழு ஆடிய லீக் ஆட்டங்கள் 153. அவற்றுள் டைஸ்லர் ஆடியவை 62. அந்தக் காலத்தில் பாயர்ன் 2003, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லீக்கையும் ஜெர்மன் கிண்ணத்தையும் வென்றது. பதக்கங்கள் அவருக்கும் கிடைத்தன. தேசியக் குழுவுக்காக அவர் ஆடியவை 36 ஆட்டங்கள். அடித்தவை மூன்று கோல். உலகக் கிண்ணப் போட்டியிலோ அவர் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை.

அவரைத் தோற்றுப் போனவர் என்று சொல்லலாமா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தமும் ஊதியமும் கையில் இருக்க, இனி முடியாது என்று தாமே உணர்ந்து விலகுவதற்கும் துணிவு வேண்டும். 2009ஆம் ஆண்டில் அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வெளிவந்தது. 'மீண்டும் வாழ்வுக்கு' என்ற பொருள் தரும் தலைப்பை அது தாங்கியிருந்தது. திடலை விட்டு அவர் நடந்தது வாழ்வை நோக்கித்தான் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இப்போது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன பெயருக்கு வருவோம். முன்சென்கிளாட்பாக் குழுவில் டைஸ்லருடன் ஆடிய கோல் காவலர் ராபர்ட் எங்கே, பின்னாளில் ஜெர்மன் தேசியக் குழுவுக்காக எட்டு ஆட்டங்கள் ஆடினார். அவரும் பல ஆண்டுகள் மனச்சோர்வு நோயால் வருந்தியவர். ஆனால் நோய் வெளியில் தெரிந்தால் ஆட்டமும் குடும்பமும் என்னாகுமோ என்று அஞ்சி, அதை மறைத்தே வைத்திருந்தார். டைஸ்லரின் நூல் வெளிவந்த அதே 2009ஆம் ஆண்டில், நவம்பர் 10ஆம் நாள், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. ஒரே குழுவில், ஒரே பருவத்தில் ஆடிய இரண்டு இளைஞர்கள். ஒருவர் ஆட்டத்தை விட்டு உயிரோடு இருக்கிறார், மற்றவர் இல்லை. ஒவ்வொருவருடைய நோயும் வேறு, வாழ்வும் வேறு. எனினும், நோயை வெளியே சொல்ல அஞ்சும் சூழல் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஜெர்மன் மக்கள் அன்று உணர்ந்தார்கள். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் எங்கேயின் பெயரால் ஓர் அறநிறுவனம் தொடங்கப்பட்டது. ஜெர்மன் காற்பந்துச் சங்கமும், லீக் அமைப்பும், அவர் கடைசியாக ஆடிய ஹனோவர் குழுவும் சேர்ந்து அதை நிறுவின. அவருடைய துணைவியார் அதற்குத் தலைமை ஏற்றார். மனச்சோர்வு நோய் பற்றிய அறிவைப் பரப்புவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று.

மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின், லீக்கில் ஆடும் குழுக்கள் எல்லாம் இளையர் பயிற்சிக் கூடங்களை நடத்த வேண்டும் என்பது உரிமத்துக்குரிய விதியாக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு முதல், நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட இடங்களில் காற்பந்துச் சங்கம் பயிற்சி நிலையங்களை அமைத்தது. சிற்றூர்ப் பிள்ளையும் வீட்டை விட்டுத் தொலைதூரம் செல்லாமலே நல்ல பயிற்சி பெற வழி பிறந்தது. திறமையுள்ள இளைஞர்கள் பலர் ஒரே காலத்தில் உருவாயினர். 2014ஆம் ஆண்டு பிரேசிலில் ஜெர்மனி நான்காம் முறையாக உலகக் கிண்ணத்தை வென்றபோது, அக்குழுவில் ஒருவர் சோர்ந்தால் தாங்குவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள். ஒருவர் தோளில் இருந்த பளு பலர் தோள்களில் பங்கிடப்பட்டிருந்தது. டைஸ்லரின் காலத்தில் அந்த ஏற்பாடு முழுமை பெற்றிருக்கவில்லை.

நேயர்களே, திறமையைக் கண்டு மகிழ்வது தவறன்று. ஆனால் நம்முடைய நிறைவேறாத ஆசைகளை எல்லாம் ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றி வைப்பது பெருந்தவறு. அது காற்பந்துத் திடலுக்கு மட்டும் உரிய தவறன்று. தேர்வு எழுதும் பிள்ளைக்கும், மேடையில் பாடும் பிள்ளைக்கும், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கும் இது பொருந்தும். வண்டி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு.

பெற்றோரும் ஆசிரியரும் பயிற்றுநரும் செய்யக் கூடியவை சில உள. காயமுற்ற பிள்ளையிடம், எப்போது மீண்டும் ஆடுவாய் என்பதை முதற் கேள்வியாக வைக்காதீர்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, விடை வரும்வரை பொறுமையாக இருங்கள். மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னரே திடலில் இறக்காதீர்கள். குழுவிலிருந்து அவனைத் தனிமைப்படுத்தாதீர்கள். ஆட முடியாவிட்டாலும் தோழர்களுடன் இருக்கச் செய்யுங்கள். விளையாட்டுக்கு அப்பாலும் அவனுக்குப் படிப்பும் நட்பும் வேறு பொழுதுபோக்கும் இருக்கட்டும். உறக்கமின்மையும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். இறந்துவிடலாம் போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள். முழங்காலுக்கு மருத்துவர் இருப்பதுபோல் மனத்துக்கும் மருத்துவர் இருக்கிறார்.

டைஸ்லர் இன்று விளம்பரத்தை விட்டு ஒதுங்கி வாழ்கிறார். அவர் ஆடிய 62 ஆட்டங்களையும் ஆடாமற்போன ஆட்டங்களையும் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஓர் இளைஞர் திடலில் விழுந்து, தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டு செல்லப்படுவதைக் காணும்போது, ஆட்டம் என்னாகும் என்று எண்ணுவதற்கு முன், அவர் என்னாவார் என்று நாம் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.